அக்கா ஏறிய முன் சீட்டும் நான் பூட்டிய பிரேக்கும்

ஆசிரியர் விடுதி,
நோர்வூட்.
புதன்கிழமை.

அன்புள்ள மச்சான் கிறிஸ்டியனுக்கு,

முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நலம் விசாரிப்பது அதற்குப் பிறகு. இந்த வருஷம் பிறந்ததிலிருந்து நான் என் சொந்தக் காரில், என் சொந்த மனைவி ஏறிய பஸ்ஸைப் பின்தொடர்ந்து போய்க்கொண்டிருந்தேன். உன் அக்கா பிள்ளைப்பேறு பார்க்கப் போகிற தோட்டங்களுக்கெல்லாம் பஸ் முன்னால், நான் பின்னால். பஸ் நின்றால் நானும் நிற்பேன். அவள் இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கிற லயத்துப் படியில் ஏறிப் போவாள். பஸ் கண்டக்டர் பின் கதவில் தொங்கிக்கொண்டு, "சேர், ஒங்களுக்கும் ஒரு டிக்கட் கிழிக்கவா, தெனம் கூடவே வர்றீங்களே" என்று கேட்டான். ஒரு பாடசாலையின் உப அதிபர், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைக்கிற மனிதன், ஒரு பஸ்ஸுக்கு வாலாகிப் போனேன் என்பதை உனக்கு மட்டும் எழுதுகிறேன்.

இங்கே மழை, மூடுபனி, உன் அக்கா, நான் எல்லோரும் வழக்கமான நிலையில் இருக்கிறோம். தோஹாவில் வெயிலும் நீயும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஆண்டவரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாமே என்பாய். இந்த விடுதிச் சுவர் வெறும் பலகை. நான் பேசுவது உன்னிடம் வந்து சேருமுன் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்துவிடும். நம் துஷாந்த் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை உன் ஊருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நான் எழுத உட்கார்ந்த காரணம் பெருமை. அதை மறைக்கப் போவதில்லை. நீ அனுப்பிய பெட்டியில் இருந்த பெர்ஃபோமன்ஸ் பிரேக்கை நானே, வீட்டு வாசலில் வைத்து, என் இரண்டு கையாலும் காருக்குப் பூட்டிவிட்டேன்.

பஸ்ஸுக்கும் பிரேக்குக்கும் காரணமான அந்த நாளில் நடந்ததை அக்கா உனக்கு எப்படிச் சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். இது என் தரப்பு. ஹட்டனில் சாமான் வாங்கிக்கொண்டு இறங்கி வந்தோம். பின் சீட் நிறையப் பைகள், முன்னால் அக்கா, வெளியே கண்ணுக்கு முன்னால் கையைப் பிடித்தாலும் தெரியாத பனி. நோர்வூட்டுக்குக் கொஞ்சம் மேலே அந்தச் செங்குத்தான வளைவில் பிரேக்கை மிதித்தால், பெடல் பாதி வழியில் கல்லாக நின்றுவிட்டது. கார்தான் நிற்கவில்லை. நான் தைரியமாக, முழு யோசனையோடு, காரைத் தேயிலைக்குள் விட்டேன். (அக்கா இதை "கத்திக்கிட்டே விட்டாரு" என்று சொல்லியிருப்பாள். கத்தினதும் யோசனையோடுதான்.) கவாத்து வெட்டிய நாலைந்து செடிகள் எங்களைத் தாங்கிப் பிடித்தன. செடிக்கு என்ன பதில் என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டுக்கொண்டு வந்தபோது, அக்கா சிதறிக் கிடந்த சாமானையெல்லாம் பைகளில் அள்ளிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஏறினாள்.

"எங்கம்மா போற?" என்றேன்.

"பஸ்ஸுக்கு."

"கார் இருக்கே."

"கார் இருக்கு. பிரேக்கு இருக்கான்னு நீங்க பாத்துட்டு வாங்க. நாளைக்கு நாலு புள்ளைக்குப் பேறு பாக்கணும், நா உசுரோட வேணும். இனிமே இந்தக் கார்ல நா கால வைக்க மாட்டேன்."

மறுநாள் இறக்கத்தில் தனியாக ஓட்டிப் பார்த்தேன். பிரேக் நன்றாகப் பிடித்தது. பக்கத்து வளவு சோமசுந்தரம் முதலாளியை உனக்குத் தெரியும், பஸாரில் மளிகைக் கடை, உலகத்தில் எந்த இயந்திரத்தைப் பற்றியும் ஓர் அபிப்பிராயம். அவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார். "அதுதான் சேர் டேஞ்சர். நல்லா இருக்கிற மாதிரி நடிக்கும். சூடேறிப் போன பிரேக்கு, இனி அது ஒங்க பேச்சக் கேக்காது" என்றார். அதற்குப் பிறகுதான் உனக்குப் போன் எடுத்தேன், நீயும் உன் கராஜில் பந்தயக் கார்களுக்குப் பூட்டுகிற சாமானைப் பெட்டி கட்டி அனுப்பினாய். பெட்டியைத் திறந்தேன். துளை போட்ட டிஸ்க், இரும்பு நூல் சுற்றிய குழாய், பேட், பிரேக் ஒயில், அப்புறம் டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற அந்தச் சிவப்பு கெலிப்பர். எங்கள் பங்குக் கோயிலில் பெருநாளுக்குக் கூட அவ்வளவு சிவப்பு யாரும் உடுத்தினதில்லை. முதலாளி அதைக் கையில் வாங்கி எடை பார்த்து, "இத வெளியில தெரியிற எடத்துல பூட்டணும் சேர்" என்றார். உள்ளுக்குள் பூட்டுகிற சாமான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சக்கரத்தின் வட்ட மூடிகளை அன்றைக்கே கழற்றிவிட்டேன்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. நோட்டன் பிரிட்ஜில் ஜெரோமியின் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். அக்காதான் பேறு பார்த்தவள், அவள்தான் ஞானத்தாய். பூசை காலையில். அந்த நேரத்துக்கு இங்கிருந்து போய்ச் சேர்கிற பஸ் இல்லை. ஆக, ஒன்று அவள் என் காரில் ஏற வேண்டும், அல்லது ஞானத்தாய் இல்லாமல் குழந்தைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். "நடந்தாவது போவேன்" என்றாள். உன் அக்கா சொன்னால் செய்வாள். பஸ்ஸுக்குப் பின்னால் போவதையாவது காலநிலையைக் காட்டிச் சமாளிக்கலாம். ஞானத்தாய் நடக்க, நான் பின்னால் காரில் ஊர்ந்து போனால் அதற்கப்புறம் இந்த ஊரில் குடியிருக்க முடியுமா, நீயே சொல்.

மலையில் பிறந்தவனுக்குச் சமதரையின் அருமை, ஜெக்கை வைத்துக் காரைத் தூக்கும் அன்றைக்குத்தான் தெரியும். எங்கள் வாசலில் எந்தப் பக்கம் வைத்தாலும் கார் டிக்கோயாவுக்குக் கிளம்புகிறது. சமமாக இருந்த ஒரே இடம் அக்காவின் லீக்ஸ் பாத்தி. கேட்டேன். "ஒரு ஓரத்த மட்டும் எடுத்துக்கங்க" என்றாள். இது பெரிய சலுகை, மச்சான். அந்த மண்ணில் ஜெக் இறங்கிக்கொண்டே போனது. கார் மேலே வருவதற்குப் பதில் ஜெக் பாதாளத்துக்குப் போனது. பாடசாலையில் கழித்துவிட்ட ஒரு கரும்பலகையைக் கொண்டுவந்து அடியில் போட்டபிறகுதான் கார் எழும்பியது. கல்வியின் பலத்தில் நின்றது என்று முதலாளியிடம் சொன்னேன். அப்போது பலகை நடுவில் படீரென்றது. பிறகு பாறாங்கல் வைத்தோம்.

பூட்டும் முறையை ஒரு வெள்ளைக்காரத் தாடிக்காரர் வீடியோவில் காட்டுகிறார். நல்ல மனிதர், அவசரப்படுவதில்லை. ஆனால் இங்கே சிக்னல் வருவது மேலே தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் மட்டும். தாடிக்காரர் ஒரு ஆணியைக் கழற்றுவார், நான் அதைப் பார்த்து மனதில் பிடித்துக்கொண்டு படியிறங்கி ஓடிவருவேன், கீழே வருவதற்குள் அது இடப்பக்கமாகத் திருப்பினதா வலப்பக்கமாகவா என்று மறந்துபோகும், மறுபடி ஏறுவேன். என் பாடசாலைப் பிள்ளைகள் சிலர் லயத்து வாசலில் உட்கார்ந்து நான் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாடம் நடக்கும்போது அவர்களிடம் நான் கண்டிராத கவனம். கெலிப்பரைப் பிடித்திருந்த பழைய ஆணி மட்டும் எதற்கும் அசையவில்லை. ஆணி திருகும் சாவியில் நீளமான குழாயை மாட்டி நான் தொங்கினேன். நான் ஆடினேன், அது ஆடவில்லை. முதலாளி வேட்டியை மடித்துக் கட்டினார். "தள்ளுங்க சேர். இது படிச்ச ஆள் வேல இல்ல, எட உள்ள ஆள் வேல" என்று சொல்லி என் தோளில் ஒரு கையை ஊன்றி, குழாயின் மேல் ஏறி நின்றார். அவர் கடையில் அரிசி மூட்டைக்கும் அவருக்கும் வித்தியாசம் மூட்டைக்குக் கட்டு உண்டு என்பதுதான். ஆணி ஒரு முறை கிறீச்சென்று அழுதது. அடுத்த கணம் முதலாளி லீக்ஸ் பாத்தியில் உட்கார்ந்திருந்தார். ஓரத்தில் அல்ல, நடுவில்.

அடுப்படி ஜன்னலில் இருந்து அக்கா பார்த்தாள். "அங்கதான் ஒக்காரணுமா?" என்று மட்டும் கேட்டாள். முதலாளி எழுந்து மண்ணைத் தட்டி, "நாளைக்குக் கடையிலருந்து கட்டுக் கட்டா லீக்ஸ் அனுப்புறேன் அம்மா" என்றார். இன்னும் அனுப்பவில்லை.

பழையதைக் கழற்றிப் புதியதை ஏற்றிய விவரத்தை உனக்கு எழுதுவது உன் தொழிலுக்கு மரியாதையல்ல. இடப்பக்கத்துக்கு உரியதை வலப்பக்கம் பூட்டினேன் என்பதையும், அதைக் கண்டுபிடித்தது நானேதான் என்பதையும் மட்டும் குறித்துக்கொள். சிக்கல் கடைசியில் வந்தது. குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்ற வேண்டும் அல்லவா? ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை அமுக்கிப் பிடிக்க வேண்டும், ஒருவர் கீழே படுத்துத் திருகாணியைத் திறந்து மூட வேண்டும். முதலாளி அதற்குள் கடைக்குப் போய்விட்டார். மீதி இருந்தது ஒரே ஒரு ஆள். அந்த ஆளோ காரில் கால் வைப்பதில்லை என்று சபதம் எடுத்த ஆள்.

நான் போய் அடுப்படி வாசலில் நின்றேன். வாயைத் திறப்பதற்கு முன்பே, "ஏறமாட்டேன்" என்றாள்.

"ஏற வேணாம்மா. ஒரு கால் போதும்."

யோசித்தாள். அப்புறம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, சாரதி கதவைத் திறந்து, சீட்டின் நுனியில் ஒருக்களித்துச் சாய்ந்து, வலது காலை லீக்ஸ் பாத்தியில் ஊன்றி, இடது காலை மட்டும் பெடலில் வைத்தாள். சபதம் உடையவில்லை. பாதிச் சபதம் உள்ளே, பாதி வெளியே. நான் முன் சக்கரத்தடியில் மல்லாந்து படுத்தேன்.

"அமுக்கு" என்றேன். "பிடி. பிடி. இப்ப விடு."

மேலேயிருந்து சொன்னாள்: "கலியாணம் கட்டின நாள்லருந்து வீடு வீடாப் போய் நா பொம்பளைங்களுக்குச் சொல்ற வார்த்த இது. நீங்க எனக்குச் சொல்றீங்க."

"கோவிச்சுக்காதம்மா, காத்து வெளியேறணும்."

"அப்ப ஒழுங்கா சொல்லுங்க. இப்படிப் படபடன்னு சொன்னா யாருக்கும் வராது. மூச்ச இழுத்து, மெதுவா முழுசா அமுக்கச் சொல்லணும். நா சொல்றேன், நீங்க தொறங்க." அதற்குப் பிறகு வேலையை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் கட்டளையிட, நான் திறந்தேன், மூடினேன். "அவசரப்படாதீங்க. வருது, வருது. இன்னும் கொஞ்சந்தான். தைரியமா இருங்க." கீழே படுத்திருந்த எனக்கே இடுப்பு வலித்தது, மச்சான். கடைசிக் குமிழி வெளியேறிச் சுத்தமான ஒயில் வந்தபோது, "வந்துருச்சா?" என்று கேட்டாள். "வந்துருச்சு" என்றேன். நாங்கள் இரண்டு பேருமே அறியாமல் ஒரு பெருமூச்சு விட்டோம். பெடலை இன்னொரு தரம் மிதித்துப் பார்த்து, "கெட்டியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். இடது கால் பெடலை விட்டுப் பிரிய ஒரு நொடி தாமதித்ததை நான் கீழிருந்து பார்த்தேன்.

புதிய பேட்டும் டிஸ்க்கும் ஒன்றுக்கொன்று பழக வேண்டும் என்று தாடிக்காரர் சொல்கிறார். வேகமாகப் போய்ப் பலமாகப் பிரேக் பிடிக்க வேண்டும், ஆனால் முழுவதுமாக நிறுத்தக் கூடாது. கிட்டத்தட்ட நிற்கும்போது விட்டுவிட்டு மறுபடி வேகமெடுக்க வேண்டும். இப்படிப் பல தடவை. கிளம்புவதற்கு முன் முதலாளி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், நான் ஃபாதரிடம் வாங்கி வைத்திருந்த தீர்த்தத்தை பொனெட்டில் தெளித்தேன். எந்தப் பக்கத்திலும் ஆட்சேபணை இருக்கக் கூடாது பார். நீர்த்தேக்கத்தின் ஓரமாக ரோடு கொஞ்சம் சமமாக ஓடுகிற இடம் உனக்கு ஞாபகமிருக்கும், அங்கே போனேன். தாடிக்காரருக்குத் தெரியாத ஒரு விஷயம் அங்கே எனக்குத் தெரிய வந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு கார் வேகம் குறைத்தால், ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று அர்த்தம்.

பஸ் ஹோல்ட்டில் பைகளோடு ஐந்தாறு பெண்கள் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் பிரேக் பிடித்தேன். கார் மண்டியிட்டு நிற்கப் போனது. அவர்கள் பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். நான் வேகமெடுத்தேன். கொஞ்ச தூரம் போய்த் திரும்பி வந்து மறுபடி பிடித்தேன். மறுபடி ஓடிவந்தார்கள், மறுபடி போனேன். மூன்றாவது முறை ஓடிவரவில்லை, நடந்து வந்தார்கள். அதற்கடுத்த முறை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள். ஒரு அம்மா மட்டும் ரோட்டுக்கு இறங்கி வந்து ஜன்னலுக்கு நேரே, "சேர், ஏத்துறதா இருந்தா ஏத்துங்க, இல்லாட்டி பேசாமப் போங்க. இப்படி ஆச காட்டாதீங்க" என்றார். நிறுத்தி விளக்கம் சொல்லலாம் என்றால் நிறுத்தக் கூடாது. "பிரேக்கு பழகுது" என்று கத்திக்கொண்டே போனேன். அந்த ஓரத்தில் அந்தோனியார் சொரூபம் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிப் பிள்ளையார், அப்புறம் புத்தர் சிலை. ஓட்டுகிறவர்கள் இறங்கி உண்டியலில் காசு போட்டுவிட்டுப் போகிற இடங்கள். மூன்று பேருக்கும் முன்னால் பணிவாக வேகம் குறைத்து, காசு போடாமல், பாய்ந்து போனேன். போகும்போதும், வரும்போதும். கடைசியில் ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி, "மொகத மாத்தயா?", என்ன ஐயா விஷயம், என்று விசாரித்தார். பிரேக் சோதிக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். கார் நிற்கிறதே, அப்புறம் என்ன சோதனை என்று கேட்டார். அந்த ஒரு இடத்தில் மட்டும் முழுவதுமாக நிறுத்தியிருந்தேன்.

வீட்டுக்கு வந்தால் செய்தி எனக்கு முன்னால் பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தது. அக்கா வாசலில் நின்றாள்.

"மண்டைக்கு ஏதும் ஆயிருச்சான்னு கேட்டுட்டுப் போறாங்க."

"பிரேக்க பழக்கினேன்மா."

"நின்னுச்சா?"

"ஒவ்வொரு தடவையும்."

"நிக்கவே இல்லன்னுதான ஊரே சொல்லுது" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள். சிரிப்பை மறைக்கத் திரும்பினாள் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு காலை அக்கா பட்டுச் சேலையில் வாசலுக்கு வந்தாள். நான் முன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் குனிந்து சக்கரத்தைப் பார்த்தாள். "இந்தச் செவப்புதானா?" என்றாள். "ஆமா" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். செபமாலையைக் கையில் எடுத்தாள். நோட்டன் இறக்கத்தில், இரண்டாவது வளைவுக்கு அப்பால், பனிக்குள்ளிருந்து ஒரு மாடு ரோட்டின் நடுவில் வந்து நின்றது. நான் மிதித்தேன். கார் நின்றது, மச்சான். சறுக்கவில்லை, இழுக்கவில்லை, கேக்கில் வைத்த கத்தி மாதிரி நின்றது. மாடு எங்களைப் பார்த்தது. நாங்கள் மாட்டைப் பார்த்தோம். அக்காவின் உதடு "அருள் நிறைந்த" என்பதோடு நின்றிருந்தது. அவள் கை கதவுப் பிடியைத் தேடிப் போகவில்லை. மாடு நகர்ந்த பிறகு, "மரியே" என்று விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். எனக்குக் கண் கலங்கியது. வைப்பரைப் போட்டேன், அது கண்ணாடிக்குத்தான் உதவியது.

ஞானஸ்நான விருந்தில் ஜெரோமி என் சக்கரத்தைப் பார்த்துவிட்டு, எந்த கராஜில் பூட்டினது என்று கேட்டான். நான் தொண்டையைச் சரிசெய்வதற்குள் அக்கா, மடியில் குழந்தையோடு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இவரே பூட்டினதுதான். வீட்லயே. நாந்தான் காத்து எடுத்தேன்" என்றாள். கலியாணத்துக்குச் சம்மதம் சொன்ன அன்றைக்குக் கூட அவள் குரல் அவ்வளவு சத்தமாக இருந்ததில்லை. திங்கட்கிழமை அவள் பஸ் ஹோல்ட்டுக்குப் போகவில்லை. காருக்குப் பக்கத்தில் பையோடு நின்றாள். பஸ் வந்து வழக்கம்போல் வேகம் குறைத்தது. அக்கா கையை ஆட்டிப் போகச் சொன்னாள். கண்டக்டர் தலையை வெளியே நீட்டி என்னைப் பார்த்தான். நான் அவனுக்குப் பெரிய மனதோடு ஹோர்ன் அடித்தேன்.

இதெல்லாம் நீ அனுப்பிய பெட்டியால் வந்தது. பந்தயக் காருக்குப் பூட்டுகிறதை ஒரு மிட்வைப் அம்மாவின் வண்டிக்கு அனுப்பினாயே, அந்த மனதுக்கு ஆண்டவர் உன் கையையும் காலையும் கண்ணையும் காப்பாற்றட்டும். உன் குளிரூட்டி பழுதாகாமல் இருக்கட்டும், அங்கே உன் முதலாளி லீவைக் குறைக்காமல் இருக்கட்டும். அக்கா அன்பைச் சொல்லச் சொன்னாள், அத்தோடு சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள். டிசம்பரில் வரும்போது ஹட்டன் ரெயில்வே ஸ்டேசனுக்கு நானே வருவேன். முன் சீட் கிடைக்காது, அதில் ஆள் இருக்கும்.

இப்படிக்கு,
உன் அக்கா யூஜினாவைக் கட்டி, இப்போது அவளைக் காரிலும் ஏற்றிய
இக்னேசியஸ்

பின்குறிப்பு: துஷாந்த் கடிதம் வாங்க வரும்போது பார்க்கட்டும் என்று இன்று காலை காரைத் துடைத்தேன். சாரதி சீட்டை முழுவதும் பின்னால் தள்ளியபோது, கம்பிக்கும் விரிப்புக்கும் இடையில் ஒரு டின் மீன் கிடந்தது. அன்றைக்கு ஹட்டனில் வாங்கிய சாமானில் உள்ளது. அதன் ஒரு பக்கம் பிரேக் பெடலின் அகலத்துக்குச் சரியாக நசுங்கியிருக்கிறது. நசுங்கின பக்கத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி அலமாரியில் அடுக்கிவிட்டேன். உன் அக்காவிடம் மூச்சு விடாதே. பழைய பிரேக்கை சோமசுந்தரம் முதலாளி கடைச் சாமான் ஏற்றுகிற தன் வானுக்குப் பூட்டிக்கொண்டார், அற்புதமாகப் பிடிக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை நோட்டன் பிரிட்ஜுக்குப் போய்த் திரும்பிய வழி முழுவதும் டின் சீட்டுக்கடியில்தான் இருந்திருக்கிறது.